மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணா பாட முடியுமா டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை இது. நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து எழுதுறேன். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

மேலே தலைப்பில் இருக்கும் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். வயது நாற்பத்து சொச்சம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், வருஷம் எல்லாம் சொல்லப் போவதில்லை. பகலில் ஆட்டோ, ஆடி மாசம் வந்தால் இன்னிசைக் கச்சேரி. டி.எம்.எஸ். பாட்டு என்றால் சுற்றுவட்டாரக் கோயில் கொடைகளில் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவருக்குத் தலைக்குள் ஒரு கட்டி. மூக்கு வழியாகப் போய் எடுக்க வேண்டும் என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். "உயிருக்கு ஆபத்தா"ன்னு அவர் கேட்கவில்லை. பாட முடியுமா என்றுதான் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷத்தில் இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. அன்றிரவு ஃபோனை எடுத்து, இதே கட்டிக்கு இதே ஆபரேஷன் செய்துகொண்ட பாடகர் யாராவது இருக்கிறாரா என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை 2006ல் பிரிட்டனில் ஓடிய ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குள் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் அந்தப் போட்டி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

பிபிசியில் 'கம் டான்சிங்' என்று ஒரு பழைய பால்ரூம் நடன நிகழ்ச்சி இருந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடி, 1998ல் நின்று போனது. அதைத் தூசு தட்டி, 2004 மே மாதம் 'ஸ்டிரிக்ட்லி கம் டான்சிங்' என்று புதுசாக இறக்கினார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். ஆடத் தெரியாத ஒரு பிரபலம், ஆட்டமே பிழைப்பாக உள்ள ஒரு நடனக் கலைஞர், இரண்டு பேரும் ஜோடி. பிரபலம் தடுமாறுவார், கலைஞர் தாங்கிப் பிடிப்பார், வீட்டில் இருப்பவர்கள் ஃபோன் போட்டு ஓட்டுப் போடுவார்கள். பிய்த்துக்கொண்டு ஓடியது. 2005ல் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் போய், அங்கேயும் அதே கதைதான்.

ஒரு படம் ஓடினால் அதே மாதிரி பத்துப் படம் வரும் இல்லையா? டிவியிலும் அப்படித்தான். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பல நாட்டு சேனல்களுக்கும் ஒரே யோசனை: ஆட்டத்தை எடுத்துட்டு பாட்டை வெச்சா? (நம்ம ஊரிலும் 2006 ஒரு முக்கியமான வருஷம். விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்', 'சூப்பர் சிங்கர்' இரண்டும் தொடங்கியது அந்த வருஷம்தான். ஆனால் நம்ம ஆட்கள் ஜோடியை ஆட்டத்துக்கும், பாட்டைத் தனி ஆளுக்கும் பிரித்து வைத்துவிட்டார்கள். அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று கீழே புரியும்.)

பிபிசி கொண்டுவந்த பாட்டு வடிவத்தின் பெயர் 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்'. 2006 பிப்ரவரிக் கடைசியில் தொடக்கம். வெர்னான் கே, டெஸ் டேலி தொகுப்பாளர்கள். நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. நடுவர்களில் பாடகி லூலு இருந்தார், குரல் பயிற்சியாளர் சீசீ சாமி இருந்தார், 'தி போலீஸ்' இசைக்குழுவின் டிரம்மர் ஸ்டீவர்ட் கோப்லாண்டும் இருந்தார். டிரம்ஸ் வாசிக்கிறவர் பாட்டுக்கு மார்க் போடுவதா என்று கேட்காதீர்கள். தாளம் தப்பினால் முதலில் கண்டுபிடிக்கிற ஆள் அவர்தான்.

டிவி, வானொலித் தொகுப்பாளர் நிக்கி கேம்பெல்லுக்கு ஜோடி பெவர்லி நைட். காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பென்னி ஸ்மித்துக்கு ஜோடி ஜாஸ் பாடகர் கர்டிஸ் ஸ்டைகர்ஸ். 'ஹோல்பி சிட்டி' என்ற ஆஸ்பத்திரி சீரியலில் நடித்த மார்க் மொராகனுக்கு ஜோடி 'அட்டாமிக் கிட்டன்' குழுவின் நடாஷா ஹாமில்டன். 'கட்டிங் இட்' சீரியல் நடிகை ஷான் ரீவ்ஸுக்கு ஜோடி டெனர் பாடகர் ரஸல் வாட்சன். (ஷான் என்பதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் நம்ம 'சீயான்' மாதிரி வரும். வெல்ஷ் பெயர். ஷான் என்றுதான் சொல்ல வேண்டும்.)

ஜெயித்தது ஷான் ரீவ்ஸ், ரஸல் வாட்சன் ஜோடி. இந்த வாட்சனை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

இந்த வடிவத்துக்கு உள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. நடனத்தில் கலைஞர், பிரபலத்தின் இடுப்பைப் பிடித்துச் சுற்றிவிடலாம். கால் தப்பினால் தோளைத் தள்ளித் திருப்பலாம். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டத்தின் பகுதி மாதிரியே தெரியும். இன்னொருவர் உடம்பைக் கையில் பிடித்து நடத்த முடியும். இன்னொருவர் குரலை அப்படிப் பிடிக்க முடியுமா?

குரல்நாண் என்பது ஆணுக்குச் சுமார் 2 செ.மீ. நீளமுள்ள ஒரு ஜோடி மடிப்பு. பெண்ணுக்கு இன்னும் குட்டை. குரல்வளைக்கு உள்ளே, கைக்கு எட்டாத இடம். ஒரு டெனர் பாடகர் தன்னுடைய உச்ச ஸ்தாயி 'சி'யைத் தொடும்போது இந்த மடிப்புகள் விநாடிக்கு 500 முறைக்கு மேல் திறந்து மூடுகின்றன. பக்கத்தில் நிற்பவர் சுருதி விலகினால் அவருடைய மடிப்பை இழுத்துப் பிடிக்க யாராலும் முடியாது.

சரி, பக்கத்தில் நிற்கும் கலைஞர் என்னதான் செய்ய முடியும்? தன்னைக் குறைத்துக்கொள்ளலாம். அவ்ளோதான்.

டூயட் பாட்டில் இது இன்னும் கஷ்டம். ஆண் குரலும் பெண் குரலும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தள்ளி நிற்பவை. ஒரு சுருதியை வைத்தால் ஒருவருக்கு வசதியாக இருக்கும், இன்னொருவருக்கு இழுக்கும். நம்ம சினிமா டூயட்களில் பாடகி தொண்டையின் உச்சியில் நின்று பாடுவதும், பாடகர் ஹாயாகப் பாடிக்கொண்டு போவதும் கேட்டிருப்பீர்கள். ஜோடிப் போட்டியிலோ ஒருவர் கற்றுக்குட்டி. அதனால் சுருதி அவருக்கு வசதியாகத்தான் வைக்கப்பட வேண்டும். தொழில்முறைப் பாடகர் தனக்குப் பொருந்தாத சுருதியில், தனக்குப் பழக்கமில்லாத பாட்டை, பக்கத்தில் இருப்பவரை மூழ்கடிக்காத அளவுக்கு மட்டும் பாட வேண்டும். அதுவும் அடுத்தடுத்த இரவுகளில், நேரலையில்.

அரங்கமே பிரபலத்தின் 'பயணத்தை'ப் பார்க்கும். முதல் நாள் நடுங்கினார், இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறார் என்று கண் கலங்கும். பக்கத்தில் நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் 'நல்லா இருக்கிறவர்' ஆச்சே.

அதே 2006ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் 'செலிப்ரிட்டி டூயட்ஸ்' கொண்டுவந்தது. சைமன் கோவல் தயாரிப்பாளர்களில் ஒருவர். தொகுப்பாளர் வெய்ன் பிராடி. நடுவர்கள் டேவிட் ஃபாஸ்டர், மேரி ஆஸ்மண்ட், லிட்டில் ரிச்சர்ட். ராக் அண்ட் ரோலின் மூத்த தலைகளில் ஒருவரையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்! போட்டியாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'ஸீனா' தொடரின் லூசி லாலெஸ், மல்யுத்த வீரர் கிறிஸ் ஜெரிக்கோ, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய கார்லி பேட்டர்சன். ஜெயித்தவர் 'ஃப்ரெஷ் பிரின்ஸ்' காமெடித் தொடரில் கார்ல்டனாக வந்த அல்ஃபோன்ஸோ ரிபேரோ.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்க வடிவத்தில் தொழில்முறைப் பாடகர்கள் போட்டியாளர்களே இல்லை. கிளாடிஸ் நைட், ஸ்மோக்கி ராபின்சன் மாதிரி பெரிய பெரிய ஆட்கள் விருந்தாளியாக வருவார்கள், பிரபலத்தோடு ஒரு பாட்டு, கைதட்டல், கிளம்பிவிடுவார்கள். தோற்றால் பிரபலம் மட்டும் வீட்டுக்குப் போவார். பிபிசியில் அப்படி இல்லை. கற்றுக்குட்டி தோற்றால் கலைஞரும் சேர்ந்து வெளியேற வேண்டும். என்னைக் கேட்டால் பிபிசி வடிவம்தான் நேர்மையானது. ஜோடி என்று சொன்னால் ஜோடியாகத்தான் விழணும்.

ஆனா இரண்டுமே நிலைக்கவில்லை. ஃபாக்ஸ் ஒரே சீசனோடு மூட்டை கட்டியது. பிபிசி 2007 ஜனவரியில் இரண்டாவது முறை நடத்தியது, அதோடு சரி. நடன ஜோடிகள் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வடிவம் வேர் பிடித்த இடம் ரஷ்யா. அங்கே சேனல் ஒன்னில் 'த்வே ஸ்வெஸ்தி' என்று 2006ல் வந்தது. 'இரண்டு நட்சத்திரங்கள்' என்று அர்த்தம். முதல் சீசனை ஜெயித்தது ஜாஸ் பாடகி லாரிஸா தோலினாவும், இயற்பியல் படித்துவிட்டு டிவிக்கு வந்த அலெக்சாண்டர் புஷ்னோயும். 2007ல் ஜார்ஜியப் பாடகி தமாரா குவெர்ட்சிடேலியும் நடிகர் திமித்ரி தியூஷெவும். அதற்குப் பிறகும் பல சீசன்கள். பாடும் நடிகர் என்பது சோவியத் சினிமா காலத்திலிருந்தே அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். நடிகர் பாடினால் அவர்கள் அதைக் கேலியாகப் பார்ப்பதில்லை. அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

சரி, வாட்சனுக்கு வருவோம்.

ரஸல் வாட்சன் 1966ல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டில் பிறந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டவர். போல்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. 1990ல் உள்ளூர் வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் ஜெயித்தார். பிறகு தொழிலாளர் கிளப்களில் பல வருஷம் பாடிப் பிழைத்தார். சங்கீதக் கல்லூரி வாசலை மிதிக்காத ஆள், ஆபராப் பாட்டைப் பீர் குடிக்கிற கூட்டத்துக்கு நடுவே பாடிக் கைதட்டல் வாங்கினார்.

1999 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் பாடினார். அதே மாதம் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு முன்னால், மொன்செராட் கபாயே என்ற பெரும் ஆபராப் பாடகியின் பக்கத்தில் நின்று பாடினார். 2000ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'தி வாய்ஸ்' பிரிட்டன் கிளாசிக்கல் பட்டியலில் மாதக்கணக்கில் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

ஆக, 2006 மேடையில் ஷான் ரீவ்ஸ் பக்கத்தில் 'தொழில்முறைப் பாடகர்' என்று நின்ற அந்த மனுஷனே ஒரு பாட்டுப் போட்டியிலிருந்து கிளம்பியவர்தான். கற்றுக்குட்டியின் நடுக்கம் எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச் 2006ல் கோப்பை.

செப்டம்பர் 2006. அடுத்த ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போயிருக்கிறார். தாங்க முடியாத தலைவலி. பக்கப் பார்வை மங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அளவு, இரண்டு கோல்ஃப் பந்து என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது.

ஒரு கோல்ஃப் பந்தின் விட்டம் 4 செ.மீ.க்கு மேல். பிட்யூட்டரி எவ்வளவு பெரியது தெரியுமா? பட்டாணி. எடை அரை கிராம் சுற்றி. பட்டாணி இருக்க வேண்டிய குழியில் இரண்டு கோல்ஃப் பந்து.

இங்கேதான் நான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். பிட்யூட்டரியில் வரும் இந்த வகைக் கட்டி பெரும்பாலும் புற்று இல்லை. மெதுவாக, வருஷக்கணக்கில் வளர்வது. அவ்வளவு பெரிய கட்டி ஆறு மாதத்தில் முளைத்து வந்திருக்காது. அப்படியென்றால், மார்ச் மாதம் அந்த மேடையில் கோப்பையைப் பிடித்துச் சிரிக்கும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. அத்தனை கேமரா, நான்கு நடுவர், நாடு முழுக்கப் பார்வையாளர்கள். எல்லோரும் ஷான் ரீவ்ஸ் இன்றைக்குச் சுருதி பிடிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் உடற்கூறு சொல்லிடறேன், பயப்படாதீங்க.

மூக்கின் வேர்ப்பகுதிக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு குழி. அதில்தான் பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கடக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் நசுங்குவது அந்தச் சந்திப்பு. விளைவு, இரண்டு பக்கமும் ஓரப் பார்வை போகும். நேர் பார்வை அப்படியே இருக்கும். குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி. எழுத்துப் படிக்க முடியும், டிவி பார்க்க முடியும். அதனால் நோயாளிக்கே தெரியாது. கதவு நிலையில் இடித்துக்கொள்வார், பக்கத்தில் வருகிறவர் மேல் மோதுவார், "கவனம் எங்க இருக்கு"ன்னு திட்டு வாங்குவார்.

பாட்டுக்கும் இந்தப் பட்டாணிக்கும் இன்னொரு உறவு உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடைகிறதே, அந்த உத்தரவு போவது பிட்யூட்டரியிலிருந்துதான். தைராய்டை வேலை செய்ய வைப்பதும் அதுதான். தைராய்டு குறைந்தால் குரல் கரகரக்கும். ஆக, ஒரு பாடகனின் குரலை உண்டாக்கிய சுரப்பி அவன் மூக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. பாடும்போது அதிர்வதும் மூக்கை ஒட்டிய அந்தப் பகுதிதான்.

அந்தப் பாதை வழியாகத்தான் கட்டியை எடுக்கிறார்கள். மூக்குத் துவாரத்துக்குள் போய், பின்னால் இருக்கும் சைனஸ் அறையைத் திறந்து, அதன் பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினால் பிட்யூட்டரி. மண்டையைத் திறக்க வேண்டாம்.

இந்த வழியின் கதையே தனி இழை போடும் அளவுக்கு உண்டு. 1907ல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஷ்லோஃபர் முதலில் மூக்கு வழியாகப் போனார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அதை நிறையச் செய்தார், பிறகு அவரே கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்கு மாறினார். குஷிங்கே விட்டுவிட்டார் என்றதும் ஊரே விட்டுவிட்டது. அவரிடம் பயின்ற நார்மன் டாட் மட்டும் எடின்பரோவில் விடாமல் செய்துகொண்டிருந்தார். டாட் செய்ததைப் பார்த்து பாரிஸின் ஜெரார்ட் கியோ கற்றார். கியோவிடம் கற்ற ஜூல் ஹார்டி, 1960களில் மாண்ட்ரியலில் அதனோடு ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பைச் சேர்த்தார். உலகம் முழுக்கத் திரும்ப இந்த முறை பரவியது. குரு சிஷ்யப் பரம்பரையில் ஒரே ஒரு சிஷ்யன் விடாமல் பாடியதால் தப்பித்த ராகம் மாதிரி.

வாட்சனுக்கும் மூக்கு வழியாகத்தான் செய்தார்கள். லண்டனில். பிழைத்தார். ஆல்பத்தை முடித்தார். 2007ல் 'தட்ஸ் லைஃப்' வெளிவந்தது.

அதோடு முடியவில்லை. 2007 அக்டோபரில் அடுத்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு நடக்கும்போது பார்வை மறுபடி கெடுகிறது, நிலைமை சட்டென்று மோசமாகிறது. கட்டி திரும்ப வளர்ந்து, உள்ளேயே ரத்தக் கசிவு. இது உண்மையான அவசரம் மக்களே. பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்தால் கண் போகலாம். கார்டிசால் உத்தரவு நின்றுபோய் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். இரண்டாவது ஆபரேஷன், அதன் பிறகு கதிர்வீச்சு. சுரப்பி செய்த வேலையை இனி மருந்துதான் செய்ய வேண்டும். போல்ட் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த மனுஷனுக்கு இப்போது வேளை தவறாமல் ஹார்மோன் ஷிஃப்ட்.

2010ல் 'லா வோச்சே' என்று ஒரு ஆல்பம் வந்தது. இத்தாலிய மொழியில் 'குரல்' என்று அர்த்தம். முதல் ஆல்பத்தின் பெயரும் அதுதானே. பத்து வருஷம், இரண்டு ஆபரேஷன் கழித்து அதே பெயரை வேறு மொழியில் வைத்திருக்கிறார். எனக்குத் தேவைப்பட்ட பதில் இதுதான்.

இரண்டாவது சீசனையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். 2007 ஜனவரியில் ஜெயித்த ஜோடி, 'ஈஸ்ட் எண்டர்ஸ்' நடிகை ஹன்னா வாட்டர்மேனும் 'வெட் வெட் வெட்' குழுவின் மார்ட்டி பெல்லோவும். 1994ல் பிரிட்டன் பட்டியலில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு பெல்லோவின் குரலில் வந்தது. சில வருஷத்தில் ஹெராயின் பழக்கம், 1999ல் குழுவை விட்டு விலகல், சிகிச்சை. பிறகுதான் இந்த மேடை. இதையெல்லாம் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இரண்டு சீசன், இரண்டு கோப்பை. இரண்டிலும் 'பக்கத்தில் நிற்கும் தெம்பான ஆள்' என்று வைக்கப்பட்டவர்களின் உடம்புக்குள் நடந்த கதைதான் பெரிய கதை. அது ஓட்டுக்கு வரவில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நானும் அதே அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான்.

அந்த ஆட்டோக்காரர் தலைவலி என்று முதலில் வந்தது என்னிடம். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஓ.பி.யில் இருநூறு டோக்கன். முதல் முறை பாராசிட்டமால். இரண்டாவது முறை "தூக்கம் இல்லையா, டென்ஷனா" என்று கேட்டு, அவர் "ஆமா சார், வண்டி டியூ கட்டணும்" என்றதும் டென்ஷன் தலைவலி என்று எழுதி, பி காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுத்தேன். சீட்டில் இருப்பது என் கையெழுத்து. அன்றைக்கு என் கவனம் முழுக்க அவருக்கு முன்னால் வந்த மூச்சுத்திணறல் பாட்டி மேல் இருந்தது. இவர் நடந்து வந்தார், சிரித்தார், கும்பிட்டார். நல்லா இருக்கிறவர்.

மூன்றாவது முறை அவர் மனைவி கூட வந்தார். "சார், சோறு போட்டுட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன், எங்க போனேன்னு கூப்பிடுறாரு"ன்னு சொன்னார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று கண் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்த கண் மருத்துவ உதவியாளர் அக்காதான் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "டாக்டர், ஆட்டோவோட ரெண்டு சைடு மிரரும் ஒரே மாசத்துல உடைஞ்சிருக்காம். நீங்களே கை வெச்சுப் பாருங்க"ன்னு சொன்னார்.

கை வெச்சுப் பார்ப்பது ரொம்ப எளிது. ஒரு கை தூரத்தில் எதிரெதிரே உட்கார வேண்டும். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்க வேண்டும். நீங்கள் விரலை ஆட்டிக்கொண்டே காதுப் பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். எப்போது தெரிகிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம். கருவி எதுவும் வேண்டாம். அவருக்கு இரண்டு பக்கமும் விரல் பாதி தூரம் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. இந்தப் பார்வையோடு பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பைபாஸில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. மருத்துவக் கல்லூரி, எம்.ஆர்.ஐ., முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், தேதி. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மருந்துச் சீட்டு வாங்க வந்தபோதுதான் அந்தக் கேள்வி.

அடுத்த நாள் என் ஃபோனில் வாட்சனும் ஷான் ரீவ்ஸும் பாடும் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். "இவருக்கும் உங்களுக்கு வந்ததுதான். உங்களுதைவிடப் பெருசு. ரெண்டு தடவை ஆபரேஷன். இன்னும் பாடுறாரு" என்றேன். மயக்க மருந்துக்குப் போடும் குழாய் குரல்நாணுக்கு நடுவே போவதால் சில நாள் கரகரப்பு இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் புரியாது. முடிந்ததும் சொன்னார்: "அந்தம்மா நல்லாத்தான் பாடுது சார். ஆனா இவரு அதுக்காக அடக்கி வாசிக்கிறாரு. முழுக் குரல இன்னும் விடவே இல்ல."

நான் அதற்கு முன்னால் அந்தத் துண்டை நான்கு முறை பார்த்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஓரப் பார்வை பெருமளவு திரும்பியது, முழுசாக இல்லை. ஆட்டோ ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வண்டியை விற்றுவிட்டு, மனைவியோடு சேர்ந்து டிபன் கடை போட்டிருக்கிறார். என் மேல் கோபம் உண்டா என்று ஒரு நாள் கேட்டேன். "மொத தடவையே பாத்திருந்தா வண்டி இருந்திருக்குமா சார்?" என்று திருப்பிக் கேட்டார். தெரியலைங்க என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அடுத்த ஆடியில் கொடைக் கச்சேரிக்குக் கூப்பிட்டார். டியூட்டி, போக முடியவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. மேடையில் இவரும், பள்ளிக்கூடச் சீருடைக்கு மேல் சால்வை போட்ட ஒரு பொண்ணும். டூயட். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள் போல. கீபோர்டு சத்தம் மட்டும்தான் காதைக் கிழிக்கிறது.

"குரல் எப்படி சார் இருக்கு?" என்று கீழே கேட்டிருந்தார்.

"கீபோர்ட கொறைக்கச் சொல்லுங்க. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இருக்கா, தீர்ந்துடுச்சா?" என்று அனுப்பினேன்.

"பத்து நாளைக்கு இருக்கு சார். அடுத்த பாட்டு தனிப் பாட்டு. அனுப்புறேன்."